குடியும் அடியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

என் கணவர் குடிக்காத நாளில் தங்கமான மனுஷன். குடித்தால்தான் அடி. குடியை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

குறைய வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கணவர் அடிக்கடி போதையில் இருக்கும் பெண்களில் 70 சதவீதம் பேர் அடியையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறார்கள். கணவர் குடிக்காத பெண்களில் 23 சதவீதம். இந்த 23-ஐயும் கவனியுங்கள். இவர்களின் கணவர்கள் மதுவைத் தொடாதவர்கள்.

மது நிதானத்தைக் கெடுக்கும், சாதாரணப் பேச்சையும் அவமானமாகக் காட்டும். ஆனால் டாஸ்மாக் வாசலில் போலீஸைக் கண்டால் அடங்கிப் போகிறவர், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறார் என்றால், ஆள் பார்த்துத்தான் கை நீளுகிறது. அதனால் குடிக்குச் சிகிச்சை தனி, அடிக்கு நடவடிக்கை தனி. நிறுத்திய முதல் சில வாரங்களில் தூக்கமின்மையும் சிடுசிடுப்பும் கூடும். "விட்டுட்டேன்" என்றதும் உங்கள் பாதுகாப்புக்கான முன்னேற்பாடுகளைக் கலைத்துவிடாதீர்கள்.

சாப்பாட்டில் கலந்தால் குடியை மறக்க வைக்கும் பொடி விற்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாதிரி மாத்திரை என்றால், கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்து, அவர் சம்மதத்தோடு மருத்துவர் தருவது. தெரியாமல் விழுங்கியவர் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு, சில சமயம் மரணம். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கும். கண்டுபிடித்துவிட்டால் கோபமும் உங்கள் மேல்தான் திரும்பும்.

கணவர் இரண்டு நாளாகக் குடிக்கவில்லை. கை நடுங்குகிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கத்தி என்னைத் தள்ளிவிட்டார்.

உடனே 108. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம், 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, 2 முதல் 4 நாளுக்குள் மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. அறையில் பூட்டி வைத்துக் குடியை மறக்கடிக்கும் வைத்தியம் இதனால்தான் விபரீதமாகிறது.

ராத்திரி அடிக்கும்போது என்ன செய்வது? ஸ்டேஷனில் "குடும்ப விஷயம், காலையில வாம்மா" என்கிறார்கள்.

போதையில் இருப்பவரிடம் நியாயம் பேசாதீர்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் போகாமல் வாசல் பக்கம் நகருங்கள். 112 (அவசர உதவி) அல்லது 181-ஐ (பெண்கள் உதவி எண்) அழையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பையில், நம்பிக்கையான வீட்டில் முன்கூட்டியே இருக்கட்டும்.

அரசு மருத்துவமனையில் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால் வழக்கே பலவீனமாகிவிடும். யார், எதால், எங்கே அடித்தார் என்று சொல்லி ஏ.ஆர். பதிவு (காயங்களைக் குறிக்கும் மருத்துவமனைப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சான்று) வாங்காமல் திரும்பாதீர்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடமும் புகாரைப் பதியலாம்.

கழுத்தை நெரித்திருந்தால், தடயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். கொலை வரை போகக்கூடிய வன்முறைக்கு இது மிக முக்கியமான எச்சரிக்கை. சமாதானம் பேச வரும் பெரியவர்கள் இதைச் சாதாரணமாகக் கடந்துவிடுகிறார்கள்.

போதையில் செய்தது கேஸாக நிற்காது என்கிறார்கள். வீடும் மாமியார் பெயரில்.

தானே விரும்பிக் குடித்தவருக்குப் போதை சட்டத்தில் சாக்காகாது. மனைவியைக் கொடுமைப்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 85-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-இன் 12-ஆம் பிரிவில் பாதுகாப்பு உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் இழுக்கும். ஆகவே 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே தங்கும் உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தரும், எண் 15100. சம்பளத்தைக் குடித்தே தீர்க்கிறார் என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள். ஜீவனாம்ச உத்தரவுப்படி அவர் பணம் தராவிட்டால், சம்பளத்திலிருந்து நேரடியாக உங்களுக்குத் தருமாறு அவருடைய முதலாளிக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.