லோக்கல் அனஸ்தீசியாவில் கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் ரத்தம் அதிகம் போகுமா?

வயிறு, தொடை இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளினிக்கில் சொன்னதாகவும், ரத்தம் ஏற்ற வேண்டி வருமோ என்று பயமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. அறுவை அரங்கில் பல வருடம் நின்ற செவிலியர். நர்ஸுக்கு மருந்தளவு பேச என்ன தகுதி என்று கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மரக்கச் செய்யும் மருந்தைச் செலுத்தும் பையில் கலப்பதே எங்கள் கைதான்.

திரவம் எதுவும் செலுத்தாமல் உறிஞ்சிய காலத்தில், வெளியே வந்ததில் கால் பங்குக்கு மேல்கூட ரத்தம் இருந்தது உண்மை. கலிபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1987இல் வெளியிட்ட முறை அதை மாற்றியது. ஒரு லிட்டர் சலைனில் (உப்புநீரில்) மரக்கச் செய்யும் மருந்தான லிக்னோகெயினும் ஒரு மில்லிகிராம் அட்ரினலினும் கலந்து, தோல் விம்மி வெளுக்கும்வரை செலுத்துவார்கள். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஜாரில் மேலே மஞ்சளாகக் கொழுப்பு மிதக்கும், அடியில் வெளிர் சிவப்பில் தண்ணீர் நிற்கும். மொத்தத்தில் ரத்தம் நூற்றில் ஒரு பங்கு அளவுதான்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது லிக்னோகெயின் கணக்கைப் பற்றி. இந்த முறைக்குக் கிளைன் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம். பிற்பாடு 55 வரை போகலாம் என்றார்கள். எங்கள் டாக்டர் 35ஐத் தாண்ட மாட்டார். 70 கிலோ எடையுள்ள ஓர் அம்மா வயிறு, தொடை, கை மூன்றையும் ஒரே நாளில் கேட்டார். 2,450 மில்லிகிராம் என்று பலகையில் எழுதி, ஒவ்வொரு பை மாட்டும்போதும் கழித்துக்கொண்டே வந்தேன். தொடை முடிந்ததும், "கைக்கு இன்னொரு நாள் வரட்டும்" என்று டாக்டர் நிறுத்திவிட்டார். பணம் கட்டியாகிவிட்டதே என்று அவர் கணவர் என்னிடம்தான் சத்தம் போட்டார். டாக்டர் முன்னால் கைகட்டி நிற்பவர்கள் கோபத்தையெல்லாம் எங்கள் மேல் இறக்குவது இன்றைக்கும் தொடர்கிறது.

அன்று இரவு கட்டெல்லாம் நனைந்து விரிப்பு சிவந்ததைப் பார்த்து அந்த அம்மா அழுதுவிட்டார். கட்டைப் பிழிந்து காட்டினேன். தண்ணீராகத்தான் வடிந்தது, செலுத்திய சலைனில் கொஞ்சம் ரத்தம் கலந்திருந்தது, அவ்வளவுதான். கெட்டியாகவோ கட்டியாகவோ வந்தாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்ல வேண்டும்.

லிக்னோகெயின் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து. அப்போது நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். உதடு மரத்துப்போவது, காதில் இரைச்சல், பேச்சுக் குழறல் எல்லாம் அந்த மருந்து மிஞ்சியதன் அறிகுறிகள். செர்ட்ராலின் (மனச்சோர்வுக்குத் தருவது), கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்) போன்ற மாத்திரைகள் எடுத்தால் முன்பே சொல்லுங்கள். லிக்னோகெயின் உடலைவிட்டு வெளியேறுவதை அவை தாமதப்படுத்தக்கூடும். என் எடைக்கு எத்தனை மில்லிகிராம், நள்ளிரவில் போனை எடுப்பது யார் என்ற இரண்டையும் கிளினிக்கில் நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கே படுக்காதீர்கள்.