கவுன்டரில் கொடுத்த 300 ரூபாய்

கே: பொங்கலுக்கு வந்த படத்துக்கு வீட்டோடு ஐந்து பேர் போனோம். கவுன்டரில் தலைக்கு 300 ரூபாய் கேட்டார்கள். டிக்கெட்டில் போட்டிருப்பது 120. கேட்டதற்கு, "இஷ்டம்னா வாங்குங்க" என்றார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து வாங்கிவிட்டேன். இனி ஏதாவது செய்ய முடியுமா? (வாசகர், கும்பகோணம்)

ப: முடியும். பிள்ளைகளைக் கூட்டிவந்தவர் திரும்பிப் போகமாட்டார் என்று தெரிந்தே அடிக்கும் கொள்ளை இது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

எனக்குப் பல வருஷமாக ஆறாத கோபம் இதில்தான். 2017 அக்டோபரில் தமிழக அரசு மல்டிபிளெக்ஸுக்கே வரி நீங்கலாக 150 ரூபாய் என்றுதான் உச்சவரம்பு வைத்தது. ஜிஎஸ்டி, உள்ளாட்சிக் கேளிக்கை வரி எல்லாம் கூட்டினாலும் அது 300-ஐத் தொடாது. ஒற்றைத் திரை அரங்குகளுக்கு அதைவிடவும் குறைவு. அப்புறம் 300 எங்கிருந்து வருகிறது? பெரிய நடிகர் படம் வந்தால் முதல் மூன்று நாள் "ரொக்கம் மட்டும்" என்று அட்டை தொங்கும். கணக்கில் வராத காசுக்குத்தான் ரொக்கம்.

எனக்கும் 2019-ல் இதே நடந்தது. ரொக்கமாகக் கொடுத்தேன். டிக்கெட் சட்டைப் பையிலேயே கிடந்து துவைக்கப் போய்விட்டது. புகார் எழுத உட்கார்ந்தபோது கையில் ஒரு அத்தாட்சியும் இல்லை.

அதனால் முதலில் டிக்கெட்டைச் செல்போனில் படம் எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவையும் சேருங்கள். டிக்கெட்டில் 120, கட்டியது 300 என்பது அதிலேயே தெரிந்துவிடும். தியேட்டர் உரிமம் உங்கள் மாவட்ட ஆட்சியர் கையில் இருக்கிறது, அவருக்கு மனு கொடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வக்கீல் தேவையில்லை. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷம் அவகாசம் உண்டு.

கே: நாளைக் காட்சி என்று நினைத்து இன்றைக்கு புக் செய்துவிட்டேன். பணம் திரும்புமா? (வாசகர், கோவை)

ப: காட்சி தொடங்கும் முன் ரத்து செய்ய அந்தச் செயலி இடம் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. பணம் கட்டும் முன் தேதி பெரிதாகத்தான் தெரிகிறது.

கே: ஆறு மாதக் குழந்தையின் பால் புட்டியைக்கூட வாசலில் பிடுங்கி வைத்துவிட்டார்கள். சரியா? (வாசகி, மதுரை)

ப: சரியில்லை. வெளிச் சாப்பாட்டைத் தடுக்க அரங்குக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் கைக்குழந்தைக்கு வேண்டியதைப் பெற்றோர் கொண்டுபோகலாம், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே வழக்கில் வந்ததுதான். மேலாளரைக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். குடிதண்ணீர் எங்கே என்றும் கேளுங்கள். பல இடங்களில் கழிப்பறைப் பக்கம் மூலையில் ஒரு குழாய், டம்ளர் இருக்காது. நான் அதைத் தேடாமல் 60 ரூபாய்க்குத் தண்ணீர் பாட்டில் வாங்கியவன்.

கே: ஆன்லைனில் கட்டும்போது 2 ரூபாய் நன்கொடை தானாகச் சேர்ந்திருக்கிறது. (வாசகர், சேலம்)

ப: கேட்காமல் சேர்க்கக் கூடாது. இப்படி 13 வகை ஏமாற்று வேலைகளை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. நன்கொடையை நைசாகச் சேர்ப்பதும் அதில் அடக்கம். இதற்கும் 1915 தான். 2 ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

கே: 'ஏ' சான்றிதழ் படத்துக்கு 13 வயது மகனோடு போனோம். உள்ளே விடவில்லை. நான்கு டிக்கெட் காசு போச்சு. (வாசகர், திருப்பூர்)

ப: 18 வயது நிறையாதவரை விடக் கூடாது என்பது சட்டம். போஸ்டரிலேயே 'ஏ' இருந்தது. அரங்கு மேல் பிழையில்லை.

கே: பாதிப் படத்தில் ஏசி நின்றுவிட்டது. கேட்டால் "ரிப்பேர்" என்றார்கள். வயதான அம்மா வியர்த்து மூச்சு வாங்கினார். (வாசகி, வேலூர்)

ப: அம்மா இப்போது நலம்தானே? ஏசி அரங்கு என்று காசு வாங்கினால் ஏசி ஓட வேண்டும். இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு. அந்தக் காட்சி நேரம், இருக்கை எண், ஏசி நின்ற நேரம் மூன்றையும் எழுதி, டிக்கெட் நகலோடு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். மழுப்பினால் அதே கடிதத்தோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவர் பெயரையும் சாட்சியாகச் சேருங்கள்.