புது மின்சார லோடு வண்டியில் சத்தம்: "இப்படித்தான் இருக்கும்" என்றால் விட்டுவிடலாமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்ற, கடன் போட்டு 9 லட்ச ரூபாய்க்கு மின்சார லோடு வண்டி வாங்கினேன். நானேதான் ஓட்டுகிறேன். சில மாதங்களாகப் பின்பக்கம் ஒரே சத்தம். சார்ஜும் பாதியில் நின்றுவிடுகிறது. சர்வீஸில் பலமுறை விட்டும் "மின்சார வண்டி இப்படித்தான்" என்கிறார்கள். வேறு வண்டி கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். "லோடு வண்டி வணிகத்துக்கானது, நீங்கள் நுகர்வோரே அல்ல" என்றுதான் எதிர்த்தரப்பு தொடங்கும். பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்ளக்கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கம் சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் தொடர்பான 1995-ஆம் ஆண்டு வழக்கில், லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே நீங்களே ஓட்டுவதையும், இதுதான் வாழ்வாதாரம் என்பதையும் மனுவில் கட்டாயம் எழுதுங்கள்.

வழக்கின் உயிர் ஜாப் கார்டில் (சர்வீஸில் வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதும் சீட்டு) இருக்கிறது. "சத்தம் வருகிறது" என்று மட்டும் எழுதவிட்டால் "சோதித்தோம், கோளாறு இல்லை" என்று முடித்துவிடுவார்கள். சாவி போட்டதும் வரும் 'டக்' ஒலி, பேட்டரி மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டர் இணைவது; ஆக்சிலரேட்டரை விட்டதும் கேட்கும் மெல்லிய 'ஙீ' மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி எடுப்பது. இவை குறை அல்ல. வேகத்தோடு கூடி, வளைவில் மாறும் உறுமல் பெரும்பாலும் வீல் பேரிங். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி என்றால் கியர்பெட்டியைப் பார்க்க வேண்டும். அழுத்தும் நொடியில் மட்டும் 'டொக்' என்றால் மோட்டாரைத் தாங்கும் ரப்பர் (மவுன்ட் புஷ்) அல்லது சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் (டிரைவ் ஷாஃப்ட்) ஆட்டம் இருக்கலாம். எந்த வேகம், எவ்வளவு சுமை, எந்தப் பக்கம், ஓடோமீட்டர் எத்தனை என்பதைச் சொல்லி எழுத வையுங்கள். சர்வீஸ் அட்வைசரை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டி, அவர் கேட்டதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். இயல்பான ஒலிக்கு வாரன்டி இல்லை என்று பல வாரன்டி புத்தகங்கள் சொல்வதால், இந்த விவரம் இல்லாமல் வாதாட முடியாது.

சார்ஜ் நிற்பதற்கு "உங்கள் வீட்டு வயரிங்தான் காரணம்" என்பார்கள். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் தானே நின்றுவிடும் என்பதும் உண்மையே. எலக்ட்ரீஷியனிடம் எர்த்தையும் வோல்டேஜையும் அளந்து எழுதி வாங்குங்கள். பிறகு டீலர் வளாகத்திலேயே சார்ஜ் போடச் சொல்லுங்கள். அங்கேயும் நின்றால் அந்த வாதம் விழுந்துவிடும். சாஃப்ட்வேர் அப்டேட் செய்வதற்கு முன்பே வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீடுகளின் ஸ்கேன் அறிக்கையைக் கேளுங்கள். அப்டேட்டில் அவை அழிந்துபோகலாம். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர்களில் வெளி மெக்கானிக்கைக் கைவைக்க விடாதீர்கள். உயிருக்கு ஆபத்து, வாரன்டியும் கைநழுவும்.

வேறு வண்டியை முதல் கோரிக்கையாக வைக்காதீர்கள். 2006-இல் ஒரு கார் கிளட்ச் வழக்கில், வாரன்டி பாகத்தை மாற்றவே கடமைப்படுத்துகிறது என்று கூறி, புது கார் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குறையுள்ள பாகத்தை மாற்றுதல், வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பு, அந்த நாட்களுக்கு வாரன்டி நீட்டிப்பு ஆகியவற்றை முதலில் கேளுங்கள். மாற்றியும் தீராவிட்டால் வேறு வண்டி அல்லது பணம் என்று மாற்றுக் கோரிக்கையாக வையுங்கள். வருமான இழப்புக்கு மார்க்கெட் வாடகைச் சீட்டுகள் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

டீலர், உற்பத்தியாளர் இருவருக்கும் 15 நாள் அவகாசத்துடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை; ஆனால் பலமான சான்று. பிறகு திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம்; நீங்கள் வசிக்கும் மாவட்டமே போதும். 5 முதல் 10 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய். நிபுணர் ஆய்வு கேட்டுத் தனி மனுவும் சேர்த்துப் போடுங்கள். இது இல்லாமல் உற்பத்திக் குறையை நிரூபிப்பது கடினம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

வழக்கைக் காரணம் காட்டித் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் தனி ஒப்பந்தம். நிறுத்தினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள், ஆய்வுக்குக் காட்ட வண்டியே இருக்காது.