கடைக்காரர் கோயம்புத்தூரைக் கைகாட்டினால்?

கேள்வி: தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு பாத்திரக்கடையில் 340 வெள்ளிக்கு இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் வாங்கினேன். கோயம்புத்தூர்த் தயாரிப்பு. மூன்றாம் வாரம் மாவு ஆட்டும்போது வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டது. மறுபடி போட்டுத் தொட்டபோது கை சுரீரென்றது. கடைக்காரரோ, “விற்பதோடு எங்கள் வேலை முடிந்தது, வாரண்டி கம்பெனியுடையது” என்று ஒரு வாட்ஸ்அப் எண்ணைத் தந்தார். அங்கே வீடியோ கேட்டார்கள், பில் கேட்டார்கள், கடைசியில் வாரண்டி இந்தியாவுக்குள் மட்டும்தான் என்றார்கள். விடாமல் கேட்டதால் இங்குள்ள ஒரு மெக்கானிக்கை அனுப்பி மோட்டாரை மாற்றினார்கள். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் மெக்கானிக் என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். சில நாள்களில் பழைய கோளாறு திரும்பிவிட்டது. இப்போது வாங்கி நான்கு மாதம் ஆகிறது. “அதே விலைக்கு வேறு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் திரும்பக் கிடைக்காது, பில்லிலேயே அச்சடித்திருக்கிறது” என்கிறது கடை. பணத்தைப் பேநவ் மூலம் கடைக்காரரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பியிருந்தேன். கம்பெனி மீது வழக்குப் போடலாமா? 340 வெள்ளிக்காக வழக்கறிஞர் வைத்தால் கட்டுபடியாகுமா?
— ஈசூன் வாசகி

பதில்: முதலில் அந்தப் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். உங்கள் வீட்டில் மின்சாரம் நின்றது ஆர்சிசிபி தன் வேலையைச் செய்ததால்தான். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் அந்தச் சாதனம் வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும். அது இல்லாதிருந்தால் நீங்கள் எனக்கு எழுதும் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். கம்பெனி மறுபடியும் வீடியோ கேட்டால் எடுத்து அனுப்பாதீர்கள். கை சுரீரென்ற கிரைண்டரை ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு திருப்தி அடைவதற்காக இன்னொரு முறை ஓட்டிக் காட்ட வேண்டிய கடமை எந்தச் சட்டத்திலும் இல்லை.

இனி வழக்கு. நீங்கள் கேட்க வேண்டியது கடையை. கோயம்புத்தூரை அல்ல.

இத்தனை நாளாக நீங்கள் தவறான வாசலில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அந்த வாசலைக் காட்டியவர் கடைக்காரர். பணம் வாங்கியதும் பொருளைக் கொடுத்ததும் அவர். ஒப்பந்தம் உங்களுக்கும் அவருக்கும் இடையே. பொருள் விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வணிகமாக விற்பவர் தரும் பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்பது, பில்லில் எழுதாவிட்டாலும், ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை. பாதுகாப்பாக இருப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். தொட்டால் அதிர்ச்சி தரும் கிரைண்டர் எவ்வளவு நைசாக மாவு ஆட்டினாலும் அந்தத் தரத்தை எட்டவில்லை.

கம்பெனி வாரண்டி என்பது இதற்கு மேல் கிடைக்கும் ஒரு கூடுதல் வாக்குறுதி. அது இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் என்றால் சரி, அப்படியே இருக்கட்டும். கடைக்காரரின் கடமை சிங்கப்பூர்ச் சட்டத்திலிருந்து வருகிறது. வாரண்டி அட்டையே இல்லாத பொருளுக்கும் அது உண்டு. அவர் யாரிடம் கொள்முதல் செய்தார், இறக்குமதியாளர் ஏற்றுக்கொள்வாரா மாட்டாரா என்பதெல்லாம் அவர் தமக்கு மேலே உள்ளவர்களிடம் பேசித் தீர்க்க வேண்டியவை.

உங்களுக்கு இன்னும் வலுவான ஆயுதம் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிக) சட்டத்தில் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, பேச்சில் ‘லெமன் சட்டம்’ எனப்படும் பகுதி அது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை கைக்கு வந்த நாளிலேயே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை கடைக்காரருடையது. மூன்றாம் வாரத்திலேயே கோளாறு தெரிந்ததால் நீங்கள் பாதுகாப்பான இடத்தில் நிற்கிறீர்கள். அந்தத் தேதியைக் காட்டும் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஒரு வரிசை உண்டு. எடுத்த எடுப்பில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. முதலில் பழுதுபார்க்கவோ வேறொன்று மாற்றித் தரவோ கேட்க வேண்டும். அது இயலாது என்றாலோ, நியாயமான காலத்துக்குள் பெரிய தொல்லை தராமல் செய்து முடிக்காவிட்டாலோதான் விலையைக் குறைக்கும்படி அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும்படி கோரலாம். பயன்படுத்திய காலத்துக்காக ஒரு தொகையைக் கழிக்கவும் இடமுண்டு. உங்கள் கிரைண்டர் ஓடியதைவிட ஓய்ந்து கிடந்ததே அதிகம் என்பதால் அங்கே பெரிதாக இழக்க மாட்டீர்கள்.

மோட்டாரை மாற்றியது கம்பெனி அனுப்பிய ஆள்தானே, எங்களுக்கு நீங்கள் வாய்ப்பே தரவில்லையே என்று கடைக்காரர் வாதாடலாம். நான் அவர் பக்கம் இருந்தால் அதைத்தான் முதலில் சொல்வேன். பதில் இருக்கிறது. நீங்கள் முதலில் போனது கடைக்குத்தான், கம்பெனியிடம் அனுப்பியவரும் அந்தக் கடைக்காரர்தான். இருந்தாலும் இந்த வாதத்தின் வாயை முன்கூட்டியே அடைப்பது நல்லது. கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, விலை, கோளாறு தெரிந்த நாள், மோட்டார் மாற்றிய நாள், மறுபடி கோளாறு வந்த நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதினான்கு நாளுக்குள் புதிய கிரைண்டர் தர வேண்டும், தவறினால் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும், இரண்டும் இல்லையென்றால் நடுவர் மன்றம் செல்வேன் என்று முடியுங்கள். ஒரு பக்கம் போதும். கோபத்தை அதில் கொட்டாதீர்கள். பின்னாளில் அதைப் படிக்கப்போகிறவர் நடுவர். கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் கடை முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பீர்கள். மெக்கானிக் கிளம்பும்போது கிரைண்டர் ஓடியது என்பதைத் தவிர அது எதையும் சொல்லவில்லை. பழுதுபார்க்கச் சம்மதித்ததாலேயே பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று பொருள் விற்பனைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அந்தத் தாளின் நகல் உங்களிடம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மோட்டாரையே மாற்றும் அளவுக்குக் குறை இருந்தது என்பதற்கு அவர்கள் தரப்பிலிருந்தே கிடைக்கும் சாட்சி அது.

பில்லில் உள்ள ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வாசகம் உங்களைக் கட்டுப்படுத்தாது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று வருபவரிடம் கடைக்காரர் அதைக் காட்டலாம். குறையுள்ள பொருளை வாங்கிய பயனீட்டாளரின் சட்ட உரிமையை அச்சடித்த ஒரு வரியால் பறிக்க முடியாது. இல்லாத கட்டுப்பாட்டை இருப்பதாகச் சொல்லி வாடிக்கையாளரைத் திசைதிருப்புவது நியாயமற்ற வணிகச் செயல் என்ற பட்டியலிலும் வரக்கூடும். வேறு பாத்திரம் எடுத்துக்கொள்ளச் சொல்வதும் உங்களைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்கு விருப்பம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தால் பிரச்சினை அத்தோடு முடிந்ததாக ஆகிவிடும். 340 வெள்ளிக்குக் குக்கரும் தவாவும் வாங்கி அடுக்கி வைக்கும் எண்ணம் இல்லையென்றால் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து சான்று. கடையின் முதல் தற்காப்பு என்னவாக இருக்கும் என்று இப்போதே சொல்கிறேன்: “உங்கள் வீட்டு வயரிங்தான் கோளாறு.” இரண்டாவது: “கழுவும்போது அடிப்பாகத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டீர்கள்.” இரண்டுக்கும் மறுமொழி, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற ஒரு மின்பணியாளர் அளந்து எழுதித் தரும் ஒரு பக்க அறிக்கை. மற்றச் சாதனங்கள் அதே பிளக்பாயின்டில் ஒழுங்காக ஓடுகின்றன, கசிவு கிரைண்டரில்தான் இருக்கிறது, உள்ளே நீர் புகுந்த அடையாளம் உண்டா இல்லையா என்பதை அவர் குறிப்பிடட்டும். அந்தச் செலவையும் கோரிக்கையில் சேர்க்கலாம். வீட்டிலோ தெரிந்தவர்களிலோ யாராவது ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். திறந்து பார்த்த கிரைண்டரில் எந்தக் குறை முன்பே இருந்தது, எது பிறகு வந்தது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

பிளக் எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியாவில் பயன்படும் உருண்டைக் கம்பிப் பிளக்கோடு வந்து, கடையில் ஓர் அடாப்டரைக் கையில் கொடுத்து அனுப்பினார்களா? இங்கே விற்கப்படும் குறிப்பிட்ட வீட்டுச் சாதனங்களுக்குப் பாதுகாப்பு முத்திரை கட்டாயம். சமையலறை இயந்திரங்களும் 13 ஆம்பியர் பிளக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. முத்திரை இல்லையென்றால் எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகத்திடம் தெரிவியுங்கள். அதனால் உங்கள் பணம் திரும்பி வராது. ஆனால் அதே கடையில் அதே கிரைண்டரை அடுத்த வாரம் வாங்கப்போகிறவருக்கு உதவும். முத்திரை இல்லாத பொருளை விற்றவர் நடுவரின் முன் நிமிர்ந்து நிற்பதும் கடினம். பிளக்கை நீங்களே மாற்றியிருந்தால் மட்டும் அதை மறைக்காதீர்கள்.

நடுவர் மன்றம் என்று சொன்னேனே, அது ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றங்களைச் சேர்ந்த சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை. உரிமை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் கட்டுபடியாகுமா என்ற உங்கள் கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது: அந்த மன்றத்தில் வழக்கறிஞர்கள் வாதாட அனுமதி இல்லை. என் தொழிலுக்கு இது நட்டம்தான். உங்களுக்கு லாபம்.

அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் கொண்டு இணையத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம். அதில் பலரும் இடறும் இடம் எதிர்த்தரப்பின் பெயர். கடைப் பலகையில் உள்ள பெயர் ஒன்று, பதிவான நிறுவனத்தின் பெயர் வேறு. நீங்களோ ஒரு தனிமனிதரின் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள். பில்லில் பதிவெண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் கடைப் பெயரைத் தேடிச் சரியான பெயரையும் எண்ணையும் எடுங்கள். தனி உரிமையாளர் கடையா, தனியார் நிறுவனமா என்பதும் அங்கே தெரியும். பேநவ் பரிமாற்றத்தின் ஸ்கிரீன்ஷாட்டை பில்லோடு சேர்த்து வையுங்கள், தேதியும் தொகையும் ஒத்துப்போனால் போதும். தவறான பெயரில் உத்தரவு வாங்கினால் அதைக் கொண்டு யாரிடமும் பணம் வசூலிக்க முடியாது.

கம்பெனிக்காரர்களோடு தமிழில் நடந்த வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும். எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டாம். கோளாறு தெரிவித்தது, கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டியது, மோட்டார் மாற்ற ஒப்புக்கொண்டது, இந்த மூன்றும் போதும். மன்றத்தில் உங்களுக்குத் தமிழில் பேச வசதி என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே தெரிவியுங்கள். முதலில் நடப்பது பதிவாளர் முன் ஆலோசனை. அங்கேயே சமரசம் ஆகிவிடும் வழக்குகள் உண்டு. ஆகாவிட்டால் விசாரணை.

மன்றத்துக்கு முன் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தையும் அணுகலாம். கடையுடன் பேசிப் பார்ப்பார்கள், சமரசம் செய்வார்கள். ஆனால் உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இவ்வளவு பிடிவாதமான கடைக்காரரிடம் நேரம்தான் போகும் என்பது என் கணிப்பு. நானாக இருந்தால் பதினான்கு நாள் முடிந்ததும் நேராக மன்றம் போவேன்.

கம்பெனியை முழுவதும் விட்டுவிட வேண்டுமா? கிரைண்டரின் விலைக்காக என்றால் ஆம். அவர்களோடு உங்களுக்கு விற்பனை ஒப்பந்தம் இல்லை, அவர்கள் இருப்பதும் வேறு நாட்டில். அந்த மின்கசிவால் யாருக்காவது காயம் ஏற்பட்டிருந்தால் கதை வேறு. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்மணி தோழி வாங்கித் தந்த இஞ்சி பானப் புட்டியில் நத்தையைக் கண்டதாகத் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு நுகர்வோர் மீது கவனக் கடமை உண்டு என்று 1932இல் தீர்ப்பானது. இங்கும் அந்தக் கொள்கையே அடிப்படை. ஆனால் உடற்காயத்துக்கான இழப்பீடு சிறு உரிமைகோரல் மன்றத்தின் எல்லைக்கு வெளியே. கை சுரீரென்றதோடு போனதால் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. மருத்துவரிடம் போயிருந்தால் மட்டும் ரசீதோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இணையத்தில் கடையைப் பற்றி எழுதலாமா என்றும் யோசிப்பீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் தவறில்லை. ‘மோசடிக் கடை’, ‘திருடன்’ என்றால் 340 வெள்ளி வழக்கைவிடப் பெரிய அவதூறு வழக்கு உங்கள் மீதே வரலாம்.

மனு கிடைத்ததும் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, வழக்கைத் திரும்பப் பெற்றால் பணம் தருகிறேன் என்று சொல்வார். சரி என்று சொல்லுங்கள், ஆனால் பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகே மனுவைத் திரும்பப் பெறுங்கள். கிரைண்டரை அவர் வந்து எடுத்துப் போகட்டும்.