சில்கோசா: தின்னவா, விதைக்கவா?

கேள்வி: இமாச்சலப் பிரதேசம் கின்னௌர் மாவட்டம் கல்பாவுக்குப் போனபோது, சில்கோசா என்ற இமயமலைப் பைன் மரத்தின் கொட்டையை ஓட்டோடு அரைக் கிலோ வாங்கிவந்தோம். மூன்று மாதமாக டப்பாவில் இருக்கிறது, சிலது காறுகிறது. மீதியைக் கொடைக்கானல் தோட்டத்தில் விதைத்தால் முளைக்குமா? மரமே குறைந்துவருகிறது என்கிறார்கள், அப்படியானால் இதை வாங்குவதே தப்பா?

பதில்: முதலில் பத்துக் கொட்டைகளை உடைத்துப் பாருங்கள். பருப்பு தந்த நிறத்தில், மென்மையாக, லேசான இனிப்போடு இருந்தால் அது பச்சைக்கொட்டை. பழுப்பேறி, மொறுமொறுப்பாக உடைந்தால் வறுத்தது. எத்தனை நாள் தண்ணீர் விட்டாலும் முளைக்காது. கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி வறுத்ததுதான். கண்ணாடி போல மஞ்சளாகத் தெரிவது எண்ணெய் கெட்டது. பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு, அதுவும் எளிதில் கெடும் வகை. வெயில்படும் அலமாரியில் வைத்தால் காறத்தான் செய்யும். அதைத் தின்னவும் வேண்டாம், விதைக்கவும் வேண்டாம். நல்லதைக் காற்றுப்புகாத டப்பாவில், ஓட்டோடு, ஃப்ரிட்ஜில் வையுங்கள். உரித்த பருப்பானால் ஃப்ரீசர்.

பச்சைக்கொட்டை தேறினால் முளைக்கவைக்கலாம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மிதப்பதைக் கழித்துவிடுங்கள். பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. மூழ்கியதை ஈர மணலோடு கலந்து மூடிய பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலிலிருந்து ஆறு வாரம் வையுங்கள். மணலைக் கையில் இறுக்கினால் நீர் சொட்டக் கூடாது. இமயத்தின் பனிக்காலத்துக்கு இது ஒரு மாற்று. வாரம் ஒருமுறை திறந்து, பூசணம் பிடித்ததை எடுத்தெறியுங்கள்.

பிறகு ஓரடி ஆழமுள்ள நாற்றுப்பை. ஆழம் முக்கியம், தண்டு விரலளவு வளர்வதற்குள் ஆணிவேர் கீழே போய்விடும், ஆழமில்லாத தொட்டியில் அது சுருண்டு மரம் பாழாகும். இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு தோட்டமண், ஒரு பங்கு பைன் மரத்தடி மட்கு. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். பைன் வேர்களோடு கூடி வாழும் பூஞ்சை அந்த மட்கில்தான் இருக்கிறது. அது இல்லாமல் வளரும் நாற்று வெளிறி நின்றுவிடும். கொடைக்கானலில் வனத்துறை நட்ட பட்டுலா என்ற வெளிநாட்டுப் பைன்கள் இருப்பதால், அனுமதியுள்ள தனியார் நிலத்தில் ஒரு கை மட்கு கிடைப்பது கடினமில்லை. இரண்டு செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து ஊன்றி, மேலே கம்பிவலை போடுங்கள். எலிக்கும் அணிலுக்கும் வாசனை எட்டிவிடும். முளை விதையோட்டைத் தலையில் சுமந்து எழும்போது பறவைகளும் கொத்தும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். நாற்று தரைமட்டத்தில் கருத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். அதிகம் ஊற்றியதுதான் காரணம்.

ஆனால் கொடைக்கானலில் அது மரமாகும் என்று நான் சொல்ல மாட்டேன். உயரம் ஒத்துப்போகிறது: சில்கோசா 1,800 முதல் 3,300 மீட்டர் வரை வளரும், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஒத்துப்போகாதது ஈரம். பருவமழை முழுதாக எட்டாத உள்பள்ளத்தாக்குகளின் பாறைச்சரிவு மரம் அது. பனியில் நனைந்து, கோடையில் காய்ந்து பழகியது. உங்கள் ஊரின் மூடுபனியும் இரண்டு பருவமழையும் வேரழுகலுக்கு விருந்து வைத்த மாதிரி. காய்க்கவும் பல பத்தாண்டு ஆகும். பத்துப் பையில் ஆர்வத்துக்காக வளருங்கள். புல்வெளிச் சரிவில் மட்டும் நடாதீர்கள். வெளிநாட்டுப் பைன்களால் பழனிமலைப் புல்வெளிகள் இழந்தது போதும்.

வாங்குவது தப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். உலகில் இந்த மரம் கிழக்கு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானின் சுலைமான் மலை முதல் கில்கித் வரை, நம் பக்கம் இமாச்சலத்தின் கின்னௌர், சம்பா மாவட்டத்தின் பாங்கி போன்ற இடங்களில்தான் இயற்கையாக இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் பட்டியலில் இது அச்சுறுநிலையை நெருங்கிய இனம். வெட்டு, தீ இரண்டுமே அதற்கு எதிரி: 2022 மே மாதம் பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணத்து ஷெரானியில் சில்கோசாக் காட்டில் பற்றிய தீயை அணைக்க ஈரானிலிருந்து விமானம் வரவேண்டியிருந்தது. ஆனால் கின்னௌரில் பிரச்சினை வேறு. அங்கே இதற்கு நியோசா என்று பெயர். கொட்டைதான் காசு, அதனால் மரத்தை யாரும் லேசில் வெட்டுவதில்லை. அதே கொட்டைதான் விதையும். செப்டம்பர், அக்டோபரில் கொட்டைகள் அடங்கிய கூம்புகள் விரியும் முன்பே பறித்து, குவித்துக் காயவைத்து, தட்டிக் கொட்டை எடுக்கிறார்கள். ஒன்றுவிடாமல் பறித்தால் மண்ணில் விழ என்ன மிஞ்சும்? விதைக்குச் சிறகு பேருக்குத்தான், காற்று தூக்கிப்போகாது. கொட்டையுடைப்பான் பறவையும் எலியும் புதைத்து மறந்தது முளைக்க வேண்டும். தப்பி முளைத்ததை ஆடு மேய்ந்துவிடும். கிழமரங்கள் நிற்கின்றன, கன்றுகள் இல்லை.

இன்னொன்று கண்ணில் படாத சேதம். கூம்பு முதிர இரண்டாம் ஆண்டு ஆகிறது. ஆகவே இந்த ஆண்டு காய்த்த மரத்தில் அடுத்த ஆண்டின் பிஞ்சுக் கூம்புகளும் இருக்கும். தொரட்டியால் கிளையோடு ஒடித்தால் அடுத்த ஆண்டின் மகசூலும் சேர்ந்து போகும். கூம்பை மட்டும் திருகி எடுப்பதும், ஒவ்வொரு சரிவிலும் சில மரங்களைப் பறிக்காமல் விடுவதும்தான் தீர்வு. அதைச் செய்வது பறிப்புரிமை வைத்திருக்கும் கிராமங்களின் கையில். வாங்குவதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கொட்டைக்கு விலை போய்விட்டால் மரம் விறகாகிவிடும். ஊர்க்காரர்களிடமோ அவர்களின் கூட்டுறவிடமோ நேரடியாக வாங்குங்கள். எப்படிப் பறித்தார்கள் என்றும் கேளுங்கள்.

நம் ஊர்க் கடையில் 'பைன் நட்' என்று உரித்து விற்கும் குட்டையான வெள்ளைப் பருப்பு பெரும்பாலும் கொரியப் பைன் போன்ற வேறு இனம். சில்கோசா ஒல்லியாக, இரண்டு செ.மீ. நீளம் இருக்கும். சீனத்து அர்மந்தி பைன் பருப்பைத் தின்ற சிலருக்கு ஓரிரு நாள் கழித்து வாயெல்லாம் உலோகக் கசப்பு தட்டி, இரண்டு வாரம் வரைகூட நீடிக்கும். அதற்கும் உங்கள் டப்பாவின் காறலுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த முறை புது மகசூல் வரும் நவம்பரில் வாங்குங்கள். விதைக்க வேண்டுமானால் 'வறுக்காதது' என்று கேட்டு, கடையிலேயே இரண்டை உடைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.