ஊழிய அழைப்பு: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு ஸ்தோத்திரம். சென்னையில ஐடி வேலை பாக்கேன். போன மாசம் ஒரு கன்வென்ஷன்ல முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்துட்டேன். அதுக்கு இறையியல் படிக்க செமினரி போகணுமா, இல்ல சுயாதீனமா தொடங்கலாமா? யூட்யூப்ல வாராவாரம் செய்தி குடுக்கேன், நல்ல வரவேற்பு. ஊர்ல அம்மாவுக்குத்தான் சம்மதம் இல்ல, மூட்டு வலியில அவங்க கோயிலுக்குப் போயே நாளாச்சு. வருமானத்துல பத்துல ஒண்ணு காணிக்கை குடுக்குற தசமபாகம் பத்தியும் சொல்லுங்க.

தம்பிக்கு,

தசமபாகத்த விடுங்க, அதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் பதில் சொல்லுவான். யூட்யூபும் உங்க இஷ்டம். கொஞ்ச நாளா நானே யோசிச்சிட்டு இருந்த விஷயத்துல உங்க லெட்டர் வந்து இடிச்சதாலதான் எழுதுறேன்.

எங்க ஊர் சின்ன சபை. சேகரத்து ஐயர், அதாவது சுத்துப்பட்டு சபைகளுக்கெல்லாம் பொதுவான குருவானவர், மாசத்துக்கு ஒருக்கா திருவிருந்துக்கு வருவாரு, மத்த நாளெல்லாம் குருப்பட்டம் இல்லாத சபை ஊழியர், உபதேசியார்தான். அவர் பிரசங்கம் இருக்கே, அத பிரசங்கம்னு சொன்னா பாவம், அச்சடிச்ச புஸ்தகத்த வச்சு ஒரே ராகத்துல வாசிப்பாரு, நாங்க பசங்க பின்னால உக்காந்து பல்லி எண்ணுவோம். ஆனா சனிக்கிழம சாயங்காலம் சைக்கிள ஸ்டாண்ட் போட்டுட்டு எங்க வீட்டுக்குள்ள வந்தாருன்னா மொதல்ல ஜெபம் கெடையாது, "ஆச்சி, மருந்து சாப்புட்டியளா"ன்னு கேட்டு மாத்திரை அட்டைய வாங்கி வெளிச்சத்துல புடிச்சு எண்ணுவாரு. ஒண்ணு மிச்சம் இருந்துட்டா ஆச்சிக்கு திட்டு. அப்புறம் காதுகிட்ட குனிஞ்சு சத்தமா ஒரு சங்கீதம், ரெண்டு வரி ஜெபம், சுக்காப்பி, அடுத்த வீடு. கோயில் பக்கமே வராத குடிகாரன் வீடும் அந்த வரிசையில உண்டு.

பைபிள்ல எசேக்கியேல் 34 எடுத்து வாசிங்க. மேய்ப்பங்க மேல கர்த்தர் வைக்கிற குத்தப்பட்டியல் அது. பலவீனமானத பலப்படுத்தல, எலும்பு முறிஞ்சதுக்கு காயம் கட்டல, காணாமப் போனத தேடல, அதுங்களோட கொழுப்ப மட்டும் தின்னீங்க. நல்லா பாருங்க, அந்த லிஸ்ட்ல சரியா பிரசங்கம் பண்ணலன்னு ஒரு குத்தம்கூட இல்ல! ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு அனுப்புன சத்தியநாதனும் மொதல்ல உபதேசியார்தான், குருப்பட்டம் 1790லதான். மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841ல இடையன்குடி வந்தாரு, அவர் எழுதுன திராவிட மொழி ஒப்பிலக்கணத்த எல்லாரும் பேசுவாங்க, எனக்கு பெருசா தெரியிறது அந்தச் செம்மணல் தேரியில அத்தன வருஷம் கெடந்தாரே, அதுதான். இப்ப பாதி ஊழியக்காரங்களுக்கு ஏர்போர்ட் தெரியும், சபையில யார் வீட்ல அடுப்பு எரியலன்னு தெரியாது. அப்படியே ஒரு வீட்டுக்குப் போய் குடும்பக் கஷ்டத்த கேட்டுட்டாலும் அடுத்த ஞாயித்துக்கெழம பேர மட்டும் மாத்தி மேடையில உதாரணமா சொல்லிடுறாங்க, கேக்குற ஊருக்கு யாருன்னு தெரியாதா? ஒருத்தர் எங்க சொந்தக்காரப் பொண்ணு ஒருத்திக்கு அப்படித்தான் பண்ணாரு, அவ அதுக்கப்புறம் எந்தக் கோயில் வாசலும் மிதிக்கல. அவர போய் யாரும் ஒண்ணும் கேக்கல, நல்ல பிரசங்கியாராம்.

உங்க லெட்டர்ல கன்வென்ஷன், செய்தி, வரவேற்பு எல்லாம் இருக்கு. மனுஷின்னு இருக்குறது அம்மா ஒருத்திதான், அதுவும் தடையா. அவங்க கோயிலுக்குப் போயி நாளாச்சுன்னு நீங்களே எழுதுறீங்க, யாராவது வந்து பாத்தாங்களா, நீங்க ஊருக்குப் போயி எத்தன நாளாச்சு, அந்த மூட்டு வலிக்கு என்ன மாத்திரை சாப்புடுறாங்கன்னாவது தெரியுமா உங்களுக்கு? கோவப்படாதீங்க தம்பி, உங்க ஆச உண்மையா இருக்கு, அதான் இவ்வளவு திட்டுறேன், இல்லாட்டி பதிலே போட்ருக்க மாட்டேன்.

செமினரி கேட்டீங்கல்ல. போங்க. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி இருக்கு, செராம்பூர் பல்கலைக்கழகத்தோட பி.டி. இறையியல் பட்டம், ஒழுங்கா உக்காந்து படிக்கலாம். வேலைய இப்பவே விட வேண்டாம், பவுலே கூடாரம் தச்சவருதான். பிஷப்போட நிர்வாகமான திருமண்டலம் மூலமா போறதுன்னா சேகர குருவானவர பாத்துத்தான் ஆகணும். பாக்கப் போகும்போது அப்படியே அம்மாவ வீட்டுக்கு வந்து ஒரு எட்டு பாக்கச் சொல்லுங்க, வர்ற அன்னிக்கு நீங்களும் ஊர்ல இருங்க.