பேனர் பிடிச்சுட்டுப் போன பல்கலைக்கழகம் - கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

பாம்பன்ல இருந்து எழுதுறேன், பேரு போட வேணாம். போன வருஷம் ஒரு பல்கலைக்கழகத்துல இருந்து பஸ்ல பிள்ளைங்க வந்தாங்க. நீடித்த வளர்ச்சின்னு பெரிய பேனர், கையில கிளவுஸ், ஒரு மணி நேரம் கரையில கெடந்த பிளாஸ்டிக், அத்துப்போன வலைத்துண்டு எல்லாம் பொறுக்குனாங்க. எங்கம்மாவையும் கூட கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்களையும் நடுவுல நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. பொறுக்குன மூட்டை மட்டும் வலை காயப்போடுற இடத்துலயே கெடந்து, காத்துக்குப் பிரிஞ்சு மறுபடி கடலுக்கே போயிருச்சு. இப்ப அவங்க வெப்சைட்ல அம்மா போட்டோ இருக்கு, கீழ "இலக்கு 14, கடலோர மக்களோடு சேர்ந்து"ன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. அம்மாகிட்ட காட்டுனேன், "நான் எதுக்குத்தா இதுல நிக்கிறேன்"னு கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல. இதெல்லாம் எதுக்குண்ணே பண்றாங்க?

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி, அதுக்கே முதல்ல பதில் சொல்லிடுறேன்.

2015ல ஐநா சபையில உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து 2030க்குள்ள செஞ்சு முடிக்கணும்னு 17 இலக்கு வச்சாங்க, அதுல 14வது கடலைப் பத்துனது. பல்கலைக்கழகங்க இதுல எங்களுக்கும் பொறுப்பு இருக்குன்னு அதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்லிட்டாங்க, 1990ல பிரான்ஸ்ல தல்வார்ங்கிற ஊர்ல கூடி 10 அம்சத்துல ஒரு பிரகடனமே போட்டாங்க. அப்புறம் 2019ல டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்ங்கிற பிரிட்டன் பத்திரிகை இந்த இலக்குகளை வச்சே பல்கலைக்கழகங்களுக்கு ரேங்க் போட ஆரம்பிச்சுது. அதுல மத்தவங்களோட கூட்டா வேலை செய்றதைப் பத்துன 17வது இலக்கு கட்டாயம், கூட குறைஞ்சது இன்னும் மூணு இலக்குக்காவது ஆதாரம் காட்டுனாதான் மொத்த ரேங்குல வர முடியும், அந்த ஆதாரம் எல்லாரும் பாக்குற மாதிரி வெளிய இருந்தா அதுக்கும் மார்க் உண்டு. இங்க காலேஜ், பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடுற நாக் அமைப்பும் கரெண்டு, தண்ணி, குப்பையெல்லாம் என்ன பண்றீங்கன்னு கேக்கும். ஆக அந்த வெப்சைட் பக்கம் மார்க் போடுறவங்க படிக்கிறதுக்காக எழுதுனது, உங்கம்மா அதுல ஆதாரமா நிக்கிறாங்க. அதை அவங்ககிட்ட யாரும் சொல்லவும் இல்ல கேக்கவும் இல்லங்கிறதுதான் எனக்கு மனசே ஆறல.

ஆனா வெளிய சொல்றதே தப்புன்னு நான் நினைக்கல தங்கச்சி, சொல்லியே ஆகணும். ஆயிரக்கணக்குல பிள்ளைங்க தங்கி சாப்பிட்டு படிக்கிற இடம், ஹாஸ்டல் மெஸ் கழிவு எங்க போகுது, லேப்ல ஊத்துற ஆசிட் எங்க போகுது, போர்வெல்ல எவ்வளவு தண்ணி உறிஞ்சுறாங்க, நம்ம மாவட்டம் மாதிரி நிலத்தடி தண்ணி உப்பா வர்ற ஊர்ல இதெல்லாம் சுத்தி இருக்குற ஜனங்களுக்குத் தெரியணும். அதை எப்படிச் சொல்றதுங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. "நாங்கள் உறுதி பூண்டுள்ளோம்"னு எழுதுனா யாரும் சரிபாக்க முடியாது. இந்த வருஷம் இத்தனை யூனிட் கரெண்டு எரிச்சோம், மூணு வருஷத்துல இத்தனையா குறைப்போம், பொறுப்பு இன்ன துறை, போன தடவை சொன்னதுல இதை முடிக்க முடியல, காரணம் இதுன்னு எழுதட்டும், அப்ப நான் நம்புவேன்.

இதுக்கு உதாரணம் தேடி வெளிநாட்டுக்கெல்லாம் போக வேணாம், உங்க பாம்பன்லயே இருக்கு. 1986ல மன்னார் வளைகுடா தீவுகளை கடல் தேசியப் பூங்காவா அறிவிச்ச பிறகு பாசி எடுக்குற பொம்பளைங்களுக்கு எவ்வளவு நெருக்கடின்னு உங்கம்மாவுக்குத் தெரியும். அந்த நெருக்கடியிலயும் சின்னப்பாலம் ஊரு பொம்பளைங்க அவங்களே ஒரு கட்டுப்பாடு வச்சாங்க, மாசத்துக்கு 12 நாள்தான் பாசி எடுக்குறது, இரும்பு வச்சு சுரண்டக் கூடாது. கையில துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டி முங்கி, பாறையில இருந்து விரலால பிச்சு எடுக்குறாங்க, பவளப்பாறையில கீறல் விழக்கூடாது, பாசி மறுபடி முளைக்கணும். அவங்கள்ல ஒருத்தரான லட்சுமி அம்மாவுக்கு 2015ல, தீவுகளோட இயற்கையைக் காப்பாத்துறவங்களுக்குக் கொடுக்குற சீகாலஜி விருது கிடைச்சுது. அந்த 12 நாள் கணக்கை நினைச்சுப் பாருங்க, பதிமூணாவது நாள் யாராவது கடல்ல இறங்குனா கரையில நிக்கிற அத்தனை பேருக்கும் தெரிஞ்சுரும். எனக்குத் தெரிஞ்சு இதைவிடத் தெளிவா யாரும் உறுதிமொழி கொடுத்ததில்ல. பஸ்ல வந்த பிள்ளைங்க உங்கம்மாகூட அரை நாள் உக்காந்து இதைக் கேட்டு எழுதிட்டுப் போயிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்! அந்தப் பிள்ளைங்க மேல கோவப்படாதீங்க, இருபது வயசு, வரச் சொன்னாங்க வந்தாங்க.

இன்னொன்னு, கடல்புல்லு, பவளப்பாறை, மீன்குஞ்சுன்னு நம்ம கடலை வச்சு ஆராய்ச்சி பண்ணாத ஆளு இல்ல, மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல வருஷமா இருக்கு, தொண்டியில அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறையே இருக்கு, அதனால தூரமா இருக்கோம்னு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்ல வேண்டியதில்ல. இங்க எடுத்த கணக்கை இங்க வந்து தமிழ்ல சொல்லணும், ஏலக்கூடத்துல ஒரு போர்டுல எழுதி வச்சாலே போதும். பாம்பன்ல கடல் ஓசை 90.4 மீனவங்களுக்குன்னே ஓடுற ரேடியோ, வலை பின்னிக்கிட்டே கேக்கலாம், அதுல வந்து பத்து நிமிஷம் பேசட்டும், எதிர்க்கேள்வி கேட்டா பதில் சொல்லட்டும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. அது அரசு பல்கலைக்கழகம்னா தகவல் உரிமைச் சட்டத்துல பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்க, தமிழ்லயே எழுதலாம், 10 ரூபா கட்டணம், 30 நாளைக்குள்ள பதில் தரணும். அன்னைக்கு எத்தனை கிலோ குப்பை எடுத்ததா பதிஞ்சிருக்கீங்க, அதை எங்க அனுப்புனீங்க, ரசீது இருக்கா, அந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு செலவு, இதை எந்தெந்த ரேங்குக்கு ஆதாரமா கொடுத்தீங்க, இந்த அஞ்சையும் தனித்தனியா கேளுங்க, பதிவேட்டுல இருக்குறதைத்தான் தருவாங்க, அதனால "ஏன்"னு கேக்காம "எவ்வளவு, எங்க"ன்னே கேளுங்க. தனியார்னா பதிவாளருக்கு ஸ்பீட் போஸ்ட்ல கடிதம் அனுப்புங்க, ரசீதைப் பத்திரமா வச்சுக்கங்க. அம்மாவுக்கு அந்த போட்டோ அங்க இருக்குறதுல விருப்பம் இல்லன்னா எடுத்துடச் சொல்லி தனியா ஒரு கடிதம் எழுதுங்க, அம்மா கையெழுத்தோட. விருப்பம் இருந்தா கீழ அம்மா பேரையும், அந்த 12 நாள் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க.

மனு எழுதுறதுல சந்தேகம்னா டிராஃப்டை அனுப்புங்க, பாத்துத் திருத்தித் தர்றேன்.

அன்புடன்,
அண்ணன்